அமீர் ஹம்ஸாவின் அணியில் சூனியக்காரிகள்

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்குக் கிஸ்ஸாவும் படைப்போரும் பழகிய இலக்கிய வகைகள். வடநாட்டில் அவற்றினும் விரிந்து வளர்ந்த வீரக்கதை 'அமீர் ஹம்ஸா தாஸ்தான்'. பெருமானார் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயரைத் தாங்கியிருப்பினும், அது முற்றிலும் கற்பனையே. பேரரசர் அக்பர் சுமார் 1400 ஓவியங்களுடன் அக்கதையை எழுதுவித்தார். பின்னர் லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் அதனை உருதுவில் 46 பெருந்தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது, 1883 முதல் வெளிவந்த 'திலிஸ்மே ஹோஷ்ருபா' என்னும் பகுதியாகும்.

சூனியக்காரர்களின் பேரரசன் அஃப்ராசியாப். அவனுடைய மாய நாட்டை வெல்லப் புறப்படுகிறான் ஹம்ஸாவின் பேரன் அஸத். சூனியம் மார்க்கம் விலக்கிய செயல். ஆதலின் ஹம்ஸாவும் அவர் வழியினரும் அதனைத் தொடுவதில்லை. இறைவனின் திருநாமமே ஹம்ஸாவின் கவசம். அவருடைய தோழர் அமர் அய்யாரின் அதிசயப் பையும் மறைக்கும் போர்வையும் புனிதர்கள் வழங்கிய கொடைகள் என்கிறது கதை. இதுவரை முரண்பாடில்லை. காற்றும் ஜின்களும் சுலைமான் நபி (அலை) அவர்களுக்குப் பணிந்தது இறையருளால். சூனியத்தைக் கற்பித்தவர்கள் ஷைத்தான்களே என்று திருமறையின் இரண்டாம் அத்தியாயம் தெளிவுறுத்துகிறது.

சிக்கல் அடுத்து வருகிறது. மஹ்ருக், பஹார் ஆகிய பெரும் சூனியக்காரிகள் அஃப்ராசியாபைத் துறந்து அஸதின் அணியில் சேர்கின்றனர்; சேர்ந்த பின்னரும் அதே சூனியத்தால் போரிடுகின்றனர். வீரனின் கை தூய்மையாகவே இருக்கிறது; விலக்கப்பட்ட செயலோ பிறர் கையால் நடக்கிறது. கதைசொல்லிக்குச் சுவை வேண்டும். அவரை நாம் குறை கூறவில்லை. ஆயினும் ஃபிர்அவ்னின் சூனியக்காரர்களை இங்கு நினைவுகூர வேண்டும். மூசா நபி (அலை) அவர்களிடம் உண்மையைக் கண்டதும் அவர்கள் ஸஜ்தாவில் வீழ்ந்தனர். கைகால்களை வெட்டிச் சிலுவையில் அறைவேன் என்று மன்னன் மிரட்டியும் திரும்பவில்லை. மூசா நபியோ அவர்களுடைய வித்தையைத் தமக்குத் துணையாகக் கேட்கவுமில்லை.

இது வெறும் கதை ஆராய்ச்சியன்று. காரைக்குடி, இளையான்குடி என எவ்வூராயினும், நோய் நீடித்தால், வாணிபம் சரிந்தால், 'செய்வினை' என்று ஒருவர் சொல்லிவிடுகிறார். சூனியம் ஹராம் என்று அறிந்தவர்களே அதனை 'எடுக்க' மந்திரவாதியைத் தேடிச் செல்கின்றனர். 'நாம் வைக்கவில்லையே, எடுக்கத்தானே போகிறோம்' என்பது அவர்கள் கூறும் நியாயம். அஸதின் பாசறை நியாயமும் இதுவேயன்றோ?

அழிவைத் தரும் ஏழு பெரும்பாவங்களுள் ஒன்றாகப் பெருமானார் (ஸல்) சூனியத்தை எண்ணினார்கள். பாதுகாப்புக்கு ஃபலக், நாஸ் அத்தியாயங்கள் இருக்கின்றன; துஆ இருக்கிறது; நோய்க்கு மருத்துவர் இருக்கிறார். பகைவனுக்கு மட்டும் விலக்கப்பட்டு, நமக்கு ஆள்வைத்துச் செய்யத் தக்கதாகும் செயல் ஒன்று மார்க்கத்தில் இல்லை.