கல்லான மரமும் கற்கும் மாணவரும்

கல்விச் சுற்றுலா என்றவுடன் மாணவர் உள்ளம் துள்ளுகின்றது. கட்டுச்சோறும் பேருந்துப் பாட்டும் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டாதவை அல்ல. ஆயினும், புறப்படும் நாளுக்கு முன்னர் வகுப்பறையில் நிகழும் ஆயத்தமே அப்பயணத்தைக் கல்வியாக்குகின்றது. சுற்றுச்சூழற் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பணித்தது. அப்பாடத்தை ஏட்டளவில் முடித்துவிடல் ஆகாது. தலைமையாசிரியனாக இருந்த நான், எங்கள் பகுதியிலுள்ள ஓர் இடத்தைக் கொண்டு இதனை விளக்க விரும்புகின்றேன்.

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே, சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ளது திருவக்கரை. திருஞானசம்பந்தர் பாடல் பெற்ற தலம் அது. ஊரையடுத்த செம்மண் மேட்டில் பெருமரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. பட்டையும் கணுவும் தெரியும், தொட்டாலோ கல்! அவற்றின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். அசுரனுடைய எலும்புகள் என்று மக்கள் இவற்றைச் சொல்லி வந்ததுண்டு. 1781இல் சொன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கையறிஞர் இவற்றைக் குறித்து வைத்தார். இன்று 247 ஏக்கர் பரப்பில், சுமார் 200 கல்மரங்களுடன், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் காப்பில் தேசியக் கல்மரப் பூங்காவாக இவ்விடம் விளங்குகின்றது.

இங்குச் செல்லும் வகுப்புக்கு நான்கு ஆயத்தங்கள் வேண்டும்.

முதலாவது, நிலப்படம். செஞ்சிப் பகுதியில் தோன்றும் ஆற்றைக் கடல் வரையில் மாணவரே விரலால் தொடர்ந்து காணட்டும்.

இரண்டாவது, மரத்துண்டு. மர அறுவை ஆலையிலிருந்து ஒரு துண்டைக் கொணர்ந்து அதன் வளையங்களை எண்ணச் செய்க. மணலில் புதையுண்ட மரத்தினுள் நீரில் கரைந்த சிலிக்கா புகுந்து, மரப்பொருள் இருந்த இடத்தை அணுவணுவாகப் பற்றிக்கொண்டது. உருவம் நின்றது, பொருள் மாறிற்று. இதனை அறிந்த கண்ணே கல்லில் மரத்தைக் காணும். புளி, ஆமணக்கு முதலியவற்றின் குடும்பத்து மரங்களும் அங்குள்ளன என்று சொல்லிவைத்தால், வழியோரப் புளியமரமும் பாடமாகிவிடும்.

மூன்றாவது, ஒரு வினா. "இம்மரங்களுக்கு வேர் எங்கே? கிளை எங்கே?" விடையை முன்னரே சொல்லிவிடலாகாது. அவர்களே தேடிப் பார்த்து, காணாமல் வியந்து நிற்கும்போது, பழைய வெள்ளங்கள் வேறிடத்திலிருந்து இவற்றை அடித்துவந்து புதைத்தன என்ற செய்தியைக் கூறுக. மறக்கவே மாட்டார்கள்.

நான்காவது, கைகளுக்குரிய பாடம். இதுவே தலையாயது. அமெரிக்காவில் அரிசோனாவிலும் இத்தகைய கல்மரக் காடு உண்டு. 1906 முதல் அரசின் காப்பில் உள்ளது. அங்கிருந்து கற்களை எடுத்துச் சென்றோருள் சிலர் மனம் வருந்தி அவற்றை அஞ்சலில் திருப்பி அனுப்புகின்றனர். ஆனால் எந்தக் கல் எவ்விடத்தில் கிடந்தது என்பது தெரியாமையால், அவற்றை உரிய இடத்தில் வைக்க இயலவில்லை; தனியே குவித்து வைத்திருக்கின்றனர். இடம் பெயர்ந்த கல் தன் வரலாற்றை இழந்துவிடுகின்றது. நாற்பது மாணவர் ஆளுக்கொரு சில்லு எடுத்தால், ஆண்டுதோறும் எத்தனை வகுப்புகள் வரும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே! அளவுநாடாவும் எழுதுகோலும் கொண்டு செல்லுங்கள். நீளத்தை அளந்து எழுதுங்கள்; கணுவை வரைந்து கொள்ளுங்கள். கல்லை மட்டும் கிடந்த இடத்திலேயே விட்டு வாருங்கள். அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கையர்க்கும் அது பாடம் சொல்ல வேண்டும் அல்லவா?