பேரேடு பிடித்த கை

அயர்லாந்து என்றதும் நம் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் புனித பத்ரீசியார். அந்நாட்டு விடுதலைப் போரின் தலைவர்களுள் ஒருவர் வங்கிக் குமாஸ்தாவாக வாழ்வைத் தொடங்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பெயர் மைக்கேல் காலின்ஸ்.

1890 அக்டோபர் 16-ஆம் நாள் மேற்குக் கார்க் பகுதியில், கிளானகில்டி அருகே ஒரு கத்தோலிக்க உழவர் குடும்பத்தில் எட்டுப் பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தார். அப்போதே தந்தைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆறு வயதில் அத்தந்தையையும் இழந்தார். அக்காமாருள் ஒருவர் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். மற்றோர் அக்கா லண்டன் அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் வேலை பார்த்தார். 1906-இல், பதினைந்தாம் வயதில், காலின்ஸும் அதே வங்கிக்குக் குமாஸ்தாவாகச் சென்றார். பின்னர் பங்குத் தரகர் அலுவலகம், அரசு அலுவலகம், இறுதியாக ஓர் அமெரிக்க வங்கியின் லண்டன் கிளை என்று பத்தாண்டுகள் கணக்கோடு கழிந்தன.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1916 ஜனவரியில், கட்டாய இராணுவச் சேவை வருமுன் வேலையை விட்டார். போரில் சேரப் போவதாக மேலதிகாரியிடம் சொன்னாராம். எந்தப் படையில் என்று மட்டும் சொல்லவில்லையாம்! உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் டப்ளினில் எழுந்த கிளர்ச்சியில் தலைமை அஞ்சலகத்துக்குள் நின்று போரிட்டார். ஆண்டு இறுதிவரை சிறைவாசம்.

வெளியே வந்தவருக்குக் கிடைத்த வேலை, சிறைப்பட்டோர் குடும்பங்களுக்கு உதவும் நிதியின் காரியதரிசிப் பதவி. அங்கேதான் பழைய குமாஸ்தா மீண்டும் விழித்தார். செலவழித்த ஒவ்வொரு ஷில்லிங்குக்கும் ரசீது கேட்பாராம். 1919-இல் ஐரிஷ் மக்கள் தாங்களே அமைத்த அரசில் நிதியமைச்சரானபோது அவரிடம் கருவூலமும் இல்லை, அலுவலகமும் இல்லை. தேடிவரும் போலீஸ்தான் உண்டு. இரண்டரை இலட்சம் பவுன் தேசியக் கடன் திரட்ட முனைந்தார். கடன் பத்திரங்களில் அவர் கையெழுத்திடும் காட்சியைப் படமெடுத்து, துப்பாக்கியோடு சென்ற தொண்டர்கள் திரையரங்குகளில் ஓட்டச் செய்தனர். கில்லலோ ஆயர் ஃபோகர்ட்டி நிதியின் பொறுப்பாளர்களுள் ஒருவராக இருந்தார். கேட்டதைவிட மிகுதியாக, மூன்றரை இலட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. அதில் ஒரு பகுதி தங்கமாக மாற்றப்பட்டு, ஒரு நண்பர் வீட்டுத் தரைக்கடியில் புதைக்கப்பட்டது. தங்கம் வைத்த பெட்டிகளுள் ஒன்று குழந்தையின் சவப்பெட்டி.

இந்தக் கணக்கில் இரத்தக்கறையும் உண்டு. அதை மறைத்து எழுதுவது முறையல்ல. வங்கிகளில் ஒளித்திருந்த இப்பணத்தைத் துருவிய ஆலன் பெல் என்ற முதிய மாஜிஸ்திரேட்டை, 1920 மார்ச் 26 காலை, காலின்ஸின் ஆட்கள் டிராம் வண்டியிலிருந்து இறக்கிப் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றனர். விடுதலைக்காக என்பார்கள். எனக்கு அந்த விடை போதவில்லை.

1921 டிசம்பரில் லண்டனில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கையெழுத்திட்டோருள் காலின்ஸும் ஒருவர். அதனை ஏற்காத தோழர்களுக்கும் அவருக்குமிடையே மறு ஆண்டு ஜூனில் உள்நாட்டுப் போர் மூண்டது. படைத்தளபதியாகக் கார்க் நகருக்குச் சென்ற காலின்ஸ், ஆகஸ்ட் 21 அன்று என்ன செய்தார் தெரியுமா? வங்கி வங்கியாகச் சென்றார்! எதிர்த்தரப்பார் வசூலித்துப் போட்டுவைத்திருந்த சுங்கப் பணம் எங்கே என்று விசாரித்தார். மறுநாள் மாலை, பிறந்த ஊருக்குத் தொலைவில்லாத பேல் நா பிளா என்னுமிடத்தில், பதுங்கியிருந்தவர்களின் குண்டுக்கு இரையானார். அப்போது வயது 31. டப்ளின் பேராலயத்தில் இறந்தோர் திருப்பலி நடந்தது. உடல் கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாயிற்று.

அவர் திரட்டிய கடனைப் பின்வந்த ஐரிஷ் அரசு, பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்தது.