ஆரணிச் சரிகையும் கிறிஸ்துமஸ் ஜிகினாவும்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி, இன்று பட்டுப் புடவையால் அறியப்படும் ஊராக இருந்தாலும், 19ஆம் நூற்றாண்டில் மிக மெல்லிய பருத்தித் துணியான மஸ்லினுக்கே பெயர் பெற்றிருந்தது. பருத்தி பின்வாங்கிப் பட்டு முன்வந்தபோது அதனுடன் சரிகையும் இவ்வூரிலும், சேவூர், முள்ளிப்பட்டு முதலிய சுற்றூர்களிலும் நெசவாளரின் அன்றாடப் பொருளாயிற்று. டிசம்பர் மாதத்தில் அட்டையும் கம்பியும் வண்ணத்தாளும் கொண்டு குறைந்த செலவில் செய்து, மேசைமேல் வைக்கப்படும் சிறு கிறிஸ்துமஸ் மரத்தின்மேல் மின்னும் ஜிகினா, இந்தச் சரிகைக்கு நெருங்கிய உறவுடையது. இரண்டும் கம்பி இழுக்கும் ஒரே தொழிலின் பிள்ளைகள்.

சரிகை உருவாகும் முறையைப் பார்த்தால் இந்த உறவு தெளிவாகும். வெள்ளிக் கம்பியைப் படிப்படியாகச் சிறுத்துச் செல்லும் துளைகளின் வழியே இழுத்து மயிரிழையளவு மெலிவித்து, அதை உருளைகளுக்கிடையே செலுத்தித் தட்டையாக்கி, சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின்மேல் இடைவெளி தெரியாதபடி சுற்றி, இறுதியில் பொன்முலாம் பூசினால் அது சரிகையாகிறது. நூலின்மேல் சுற்றப்படாமல், தட்டையான உலோகத் தகட்டிழையாகவே நின்றுவிடுவதுதான் பழைய ஜிகினா. சரிகையை வாங்குவோர் ‘மார்க்’ என்னும் எடைக் கணக்கில், அதாவது ஏறத்தாழ 240 கிராம் அளவில் வாங்குவதும், ஜிகினாவை வாங்குவோர் சரமாகவோ பொட்டலமாகவோ வாங்குவதும் இரண்டின் மதிப்பு வேறுபாட்டைக் காட்டுகின்றன.

ஐரோப்பாவில் இத்தொழில் ஜெர்மனியின் நியூரம்பெர்க், அதனை அடுத்த ரோத், வைசன்பூர்க் ஆகிய ஊர்களில் ஊன்றியிருந்தது. செப்புக் கம்பியின்மேல் வெள்ளியோ பொன்னோ மெல்லிய போர்வையாக ஏற்றி இழுக்கப்பட்ட அந்த இழைகள், படைவீரரின் சீருடைப் பட்டைகளுக்கும் குருமாரின் திருவழிபாட்டு ஆடைகளுக்கும் போனதோடு, கிழக்கு நாடுகளுக்கும் ஏற்றுமதியாயின. 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்துமஸ் மரம் வீட்டுக்கு வீடு பரவியபோது அதே பட்டறைகள் மரத்தில் தொங்கவிடும் ‘லாமெட்டா’ என்ற வெள்ளியிழைகளையும் செய்யத் தொடங்கின. அப்போதைய மரம் பெரும்பாலும் சிறியது. 1848ஆம் ஆண்டு லண்டன் வார இதழொன்றில் வெளியாகி உலகெங்கும் அம்மரபைப் பரப்பிய படத்தில், விக்டோரியா அரசியின் குடும்பம் சூழ்ந்து நிற்பது மேசைமேல் வைக்கப்பட்ட ஒரு மரத்தைத்தான். அதே நூற்றாண்டில் ஜெர்மானியர், வாத்து இறகுகளுக்குப் பச்சைச் சாயமிட்டுக் கம்பியில் சுற்றிச் செயற்கை மரங்களையும் செய்தனர். கையிலுள்ள மலிவான பொருளைக் கொண்டு மரம் சமைக்கும் வழக்கம் அவ்வளவு பழமையானது.

ஐரோப்பியப் பொற்சரிகை இந்தியச் சந்தையையும் பெரிதும் ஆட்கொண்டிருந்ததால், சூரத் நகரத் தொழிலாளரைக் காக்கும் பொருட்டு 1931இல் பொற்சரிகைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1971இல் தமிழ்நாடு அரசு காஞ்சிபுரத்தில் தனக்கெனச் சரிகை நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது.

ஆரணி வட்டாரத்துக்கு ஜிகினா கிறிஸ்துமஸ் வழியாக மட்டும் வந்ததன்று. புரிசை முதலிய ஊர்களால் புகழ்பெற்ற தெருக்கூத்தின் நிலம் இது. கல்யாண முருங்கை போன்ற எடையற்ற மரத்தில் செதுக்கிய கிரீடம், தோளணியான புஜகீர்த்தி ஆகிய ‘கட்டை’களின்மேல் கண்ணாடித் துண்டுகளும் வண்ணத் தகட்டுத்தாளும் ஒட்டி, இரவு முழுதும் விளக்கொளியில் அரசனைப் பொலிவிக்கும் கைத்திறன் இங்கு வேரூன்றியிருந்தது. மலிவான பளபளப்பைக் கொண்டு மாட்சியைப் படைக்கும் இந்தத் திறன், உயர்ந்த கலை வரலாறுகளில் இடம்பெறத் தக்கது. இதுவரை அதற்குரிய மதிப்பு கிடைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் வழியைப் பார்த்தால், ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் நிறுவிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் தொடக்க கால நிலையங்களுள் ஆரணியும் ஒன்று. அதன் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. மேலை நாட்டுக் கிறிஸ்துமஸ் மரம் தமிழ்ச் சமவெளியில் வளராத காரணத்தால், தமிழ்க் கிறிஸ்தவர் சவுக்குக் கிளையை அதன் இடத்தில் நிறுத்தினர். இரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டி 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவலாகப் பயிரிடப்பட்ட அம்மரம், ஊசி போன்ற மெல்லிழைகளால் ஓரளவு ஒத்த தோற்றம் தந்தது. ஆனால் வெட்டிய சவுக்கு விரைவில் வாடி உதிரும். தொங்கவிடும் பாரத்தையும் அதன் சிறு கிளைகள் தாங்குவதில்லை. ஆகவே அதன்மேல் பஞ்சும் காகித நட்சத்திரமும் ஜிகினாவும் போன்ற எடையற்ற பொருள்களே பொருந்தின.

கிளை கிடைக்காத வீட்டிலும், இடம் போதாத வீட்டிலும் கையால் செய்த மரம் அந்த இடத்தைப் பெறுகிறது. சார்ட் அட்டையைக் கூம்பாகச் சுருட்டி, மைதாப் பசை தடவி, அடியிலிருந்து நுனி நோக்கி ஜிகினாச் சரத்தை நெருக்கமாகச் சுற்றுவது எளிய முறை. இரண்டு மெல்லிய கம்பிகளுக்கிடையே பச்சைத்தாள் இழைகளைக் குறுக்காக அடுக்கி, கம்பிகளின் முனைகளைப் பிடித்து முறுக்கினால், இழைகள் எல்லாத் திசையிலும் விரிந்து ஒரு கிளையாகிவிடும். புட்டி கழுவும் பிரஷ்ஷைச் செய்யும் முறையும் இதுவே. முறுக்கு தளர்ந்தால் இழைகள் உதிரும் என்பதால், இம்முறையில் கவனம் முழுதும் முறுக்கின் இறுக்கத்திலேயே நிற்க வேண்டும்.

வெள்ளி கறுக்கும் என்பதால் பின்னர் ஈயத் தகடு ஜிகினாவாகப் பயன்பட்டது. குழந்தைகளுக்கு அது தீங்கு என்ற கவலையால் 1972இல் அமெரிக்காவில் அதன் உற்பத்தியும் இறக்குமதியும் நிறுத்தப்பட்டன. அதன் இடத்தைப் பிளாஸ்டிக் படலம் பிடித்தது. அலுமினியம் படிந்த பாலியெஸ்டர் படலத்தை மெல்லிய இழையாகக் கீறியெடுப்பது பண்டிகை ஜிகினாவோடு நிற்கவில்லை. விலை குறைந்த புடவைகளுக்கான சரிகையாகத் தறிக்கும் வந்து சேர்ந்தது. மரத்திலும் முந்தானையிலும் மின்னுவது ஒரே பொருளாக இருக்கும்போது, உண்மையான வெள்ளிச் சரிகையை அறிந்து காக்க வேண்டிய பொறுப்பு, புவிசார் குறியீடு பெற்றுள்ள ஆரணிப் பட்டுக்கு மிகுதியாக உண்டு. பழம்பட்டு வாங்கும் வணிகர் இவ்வேறுபாட்டை நன்கறிவர்: வெள்ளிச் சரிகையிட்ட புடவை கிழிந்து நைந்த பின்னும், அதை எரித்தும் உருக்கியும் வெள்ளியைப் பிரித்தெடுக்க முடிவதால் அவர்கள் அதற்கு விலை தருகின்றனர், பாலியெஸ்டர் சரிகையிட்ட புடவையை அவர்கள் வாங்குவதில்லை.