செல்ஃப் எடுக்காத வண்டி

பாடியிலிருந்து ஆவடிக்கு சி.டி.எச். ரோட்டில் பஸ்ஸில் வந்திருக்கிறீர்களா? கண்டக்டர் கூப்பிடும் ஸ்டாப்பிங்குகளில் ஊர்ப் பெயர்களுக்கு நடுவே கம்பெனிப் பெயர்களாக வந்து விழும். லூகாஸ். டி.ஐ. சைக்கிள்ஸ். டன்லப். டயர் செய்த டன்லப் ஆலை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஸ்டாப்பிங் மட்டும் போகவில்லை. 1960களின் தொடக்கத்தில் பாடியில் அடுத்தடுத்து எழுந்த ஆலைகளில் ஒன்று சக்கரம் செய்தது, ஒன்று பிரேக், இன்னொன்று ஸ்டார்ட்டர் மோட்டார். அவற்றுக்கு பாகம் செய்து கொடுக்க அம்பத்தூர் எஸ்டேட்டில் நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள். அந்தப் பக்கம் ஆவடியில் 1961இல் டேங்க் ஃபேக்டரி. நாங்கள் வளர்ந்த ரோட்டில் யாராவது ஒருத்தர் வீட்டில் வண்டியோடு சம்பந்தப்பட்ட சம்பளம் வந்துகொண்டிருந்தது.

என் மாமா டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் 2000ஆம் வருஷத்து மிட்சுபிஷி லான்சர் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். வேலை எதுவும் இருக்காது, சும்மா நிற்பார். "மாமா, எலெக்ட்ரிக் எப்ப வாங்கப் போறீங்க?" என்று கேட்டால், "ரிமோட் கார் வெச்சு விளையாடற வயசு எனக்குப் போயிடுச்சுடா" என்பார்.

மாமா மாதிரி வண்டிப் பைத்தியங்கள் எலெக்ட்ரிக் காரைப் பற்றிச் சொல்லும் சந்தேகங்களை எல்லோரும் கேட்டிருப்போம். பாதி வழியில் சார்ஜ் தீர்ந்தால் என்ன பண்றது? எட்டு வருஷம் கழித்து பேட்டரி மாற்ற யார் பணம் தருவார்? தீப்பிடிக்கும். சத்தமே இல்லை, அதுல என்ன ஓட்டற சுகம்? இதையெல்லாம் மூட்டையாகக் கட்டி 'பழைய ஆளுங்க' என்று லேபிள் ஒட்டுவது சுலபம். நானும் ஒட்டியிருக்கிறேன். ஆனால் பழைய கதையைக் கொஞ்சம் தோண்டினால் ஒரு வேடிக்கை தெரிகிறது. இதே சந்தேகங்கள் ஒருகாலத்தில் பெட்ரோல் கார் மேல் இருந்தன.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதலில் தாண்டிய கார் எலெக்ட்ரிக் கார். 1899 ஏப்ரல் 29 அன்று பாரிஸுக்குப் பக்கத்தில் அஷேர் என்ற இடத்தில், கமில் ஜெனாட்சி என்ற பெல்ஜியக்காரர் டார்பிடோ வடிவத்தில் ஒரு வண்டியைச் செய்து 105.88 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அதன் பெயருக்கு 'ஒருபோதும் திருப்தியடையாதவள்' என்று அர்த்தம். அடுத்த வருஷம் அமெரிக்காவில் தயாரான 4,192 கார்களில் 1,681 நீராவி, 1,575 எலெக்ட்ரிக். பெட்ரோல் வெறும் 936.

அந்தக் காலத்தில் பெட்ரோல் காரைக் கிளப்ப முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். எஞ்சின் உதைத்துத் திருப்பினால் மணிக்கட்டு போச்சு. நாற்றம், அதிர்வு, கியர் மாற்ற ஒரு மல்யுத்தம். எலெக்ட்ரிக்கில் ஏறி உட்கார்ந்தால் போதும், வண்டி நகரும். அதனாலேயே அதற்கு 'பொம்பளைங்க வண்டி' என்று பெயர் வந்தது. பெட்ரோல் காரை ஊர் முழுக்கப் பரப்பிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற பேட்டரி காரைத்தான் வைத்திருந்தார். அன்றைய ஆண் வண்டிப் பைத்தியம் எலெக்ட்ரிக்கைக் கேலி செய்ததற்கும் இன்று மாமா 'ரிமோட் கார்' என்பதற்கும் நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது, தொனி ஒன்றுதான்.

அந்த முதல் எலெக்ட்ரிக் காலத்தை முடித்துவைத்ததில் பங்கு பலருக்கு உண்டு. டெக்சாஸில் கிடைத்த மலிவு எண்ணெய், வருஷா வருஷம் விலை குறைந்த ஃபோர்டின் மாடல் டி, ஊருக்கு ஊர் நீண்ட ரோடுகள். ஆனால் பெட்ரோல் காரின் பெரிய அசிங்கத்தைத் துடைத்தது ஒரு மின்மோட்டார். சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ஃப் ஸ்டார்ட்டரை 1912 மாடல் கேடிலாக்கில் பொருத்தினார்கள். அதற்குப் பின் கைப்பிடியைச் சுற்ற வேண்டியதில்லை. எலெக்ட்ரிக் காருக்கு இருந்த ஒரே பெரிய வசதியை, ஒரு குட்டி பேட்டரியும் ஒரு குட்டி மோட்டாரும் பெட்ரோல் காருக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டன.

அந்த மோட்டாரைத்தான் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். 1960களிலிருந்து செய்துகொண்டிருக்கிறது. லூகாஸ் ஸ்டாப்பிங்கில் ஷிஃப்ட்டுக்கு இறங்கியவர்கள் கையில் உருவானது, எலெக்ட்ரிக் காரைக் கொன்ற எலெக்ட்ரிக் மோட்டார். இப்போது வரும் எலெக்ட்ரிக் காருக்கு ஸ்டார்ட்டரே வேண்டாம். நூறு வருஷம் கழித்துப் பழிவாங்குகிறது என்று சினிமாத்தனமாகச் சொல்லலாம். (அந்தக் கம்பெனியும் சும்மா இல்லை, மின்வண்டிகளுக்கான மோட்டார் பக்கம் திரும்பியிருக்கிறது.)

மெட்ராஸுக்கு மின்வண்டி புதுசும் இல்லை. 1895இல் இந்த ஊரில் எலெக்ட்ரிக் டிராம் ஓடியது, 1953 வரை ஓடியது. ஆவடிக்காரர்கள் தினம் சென்ட்ரலுக்குத் தொங்கிக்கொண்டு போகும் யூனிட் வண்டி கரண்டில்தான் போகிறது. அதன் ரேஞ்ச் என்ன என்று யாராவது கேட்டதுண்டா? யாரும் அதைச் சொந்தமாக வைத்திருக்கவில்லை, அதைத் திறந்து பார்க்கும் ஆசையும் யாருக்கும் இல்லை. சந்தேகம் வருவது நம்முடையது என்று நினைக்கும் பொருள் மேல்தான்.

இந்தச் சொந்தம் எப்படி வந்தது என்பதற்குச் சோழவரம் போகவேண்டும். ஆவடியிலிருந்து செங்குன்றம் வழியாகப் போனால் வரும் ஊர். இரண்டாம் உலகப்போரில் விமான ஓடுதளம் இருந்த இடம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் ரேஸ் நடத்தியது. ஓட்டியவர்களில் பணக்காரர்கள் உண்டு, வெளிநாட்டு வண்டிகளும் வந்தன. ஆனால் லைசென்ஸ் காலத்தில் சாதாரண ஆளுக்கு கிடைத்தது ஃபியட், அம்பாசடர், வண்டலூர் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ரேஸுக்கென்று வண்டி வாங்க வழி இல்லை, இருந்ததைப் பிரித்து மேய்ந்தார்கள். ஹெட்டைச் சீவினார்கள், கார்ப்பரேட்டர் மாற்றினார்கள், எடை குறைக்க சீட்டைக் கழற்றினார்கள். கோயம்புத்தூரில் கரிவர்தன் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை ஆள் ரேஸ் காரே செய்தார். 1990இல் ரேஸ் இருங்காட்டுக்கோட்டையில் புது டிராக்குக்குப் போனது. நம் ஊரில் கார் ரசனை என்பது வாங்குவதில் வளரவில்லை, கையில் கிரீஸோடு வளர்ந்தது. மாமா பானெட்டைத் திறந்துவைத்து நிற்பதன் பூர்வீகம் அது.

சத்தம் போச்சு என்று அழுவதை என்னால் முழுசாக மதிக்க முடியவில்லை. சோழவரத்தில் கேட்டவர்களுக்கு அது சங்கீதமாக இருந்திருக்கலாம், சி.டி.எச். ரோடு ஓரத்தில் குடியிருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் எலெக்ட்ரிக் மேல் வந்த ஏளனத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1990களில் கேரளத்தின் எடி நிறுவனம் ஜப்பானின் யாஸ்காவாவோடு சேர்ந்து செய்த லவ்பேர்டு என்ற இரண்டு சீட் கார், வந்த சுவடு தெரியாமல் போனது. 2001இல் பெங்களூரிலிருந்து ரேவா வந்தது. லெட் ஆசிட் பேட்டரி, பெரிய பொம்மை மாதிரி உருவம். லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் விற்றது, அங்கேயும் சிரித்தார்கள். வேகமாக ஓட்டுவதை மதமாக வைத்திருப்பவனிடம் முதல் அறிமுகமே இப்படி அமைந்தால் என்ன நினைப்பான்?

மாமாவின் லான்சர் கதை இந்த இடத்தில்தான் சுவாரசியமாகிறது. டோமி மாகினன் என்ற ஃபின்லாந்துக்காரர் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு உலக ராலி பட்டங்களை லான்சர் எவல்யூஷனில் ஜெயித்தார். அந்த வெறி உச்சத்தில் இருந்த 1998இல், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர் ஆலையில் லான்சரைச் செய்யத் தொடங்கியது. உலக சாம்பியனின் கார், ஆவடியிலிருந்து லோக்கல் ரயிலில் போய்விடக்கூடிய ஊரில்! பெயர்தான் ஒன்று, எஞ்சின் வேறு, ஆனால் அந்தப் பெயர் போதுமாக இருந்தது. பின்னால் வந்த செடியா இந்திய ராலிகளில் நிஜமாகவே ஜெயித்தது.

அந்த ஆலை பின்னர் ஃபிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்த கூட்டில் சிட்ரோயன் ஆலையானது. 2023இல் அங்கிருந்து வந்தது ஈ-சி3 என்ற எலெக்ட்ரிக் கார். 29.2 யூனிட் பேட்டரி, 57 குதிரைத்திறன், அதிகபட்ச வேகம் 107. ஜெனாட்சியின் டார்பிடோவை விட ஒரு கிலோமீட்டர்தான் கூட என்று மாமாவிடம் சொன்னேன். ஒரு வாரம் சிரித்தார். 2024 ஏப்ரலில் 500 கார்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகம் வழியாக இந்தோனேசியாவுக்குப் போயின. அதற்கு முந்தின மாதம் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அதே கார் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம் ஸ்டார் வாங்கியது. அது பேட்டரியின் குற்றம் இல்லை, ஆனால் சந்தேகப்படுகிறவனுக்கு இதெல்லாம் அல்வா.

தீ பற்றிய பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்ட மின்ஸ்கூட்டர் எரிந்து, புகையில் ஒரு அப்பாவும் மகளும் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் மஞ்சம்பாக்கம் பக்கம் நடுரோட்டில் ஒரு ஸ்கூட்டர் எரிந்தது, ஏப்ரலில் போரூர் பக்கம் ஒரு ஷோரூமே எரிந்தது. அதற்குப் பிறகு பேட்டரி விதிகளை அரசு கடுமையாக்கியது. முன்னாலேயே செய்திருக்க வேண்டியது.

வெள்ளம் வேறு கதை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட் தண்ணீரில் நின்றது, பட்டறைகளில் மெஷினெல்லாம் மூழ்கியது. தண்ணீரில் எலெக்ட்ரிக் போச்சு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தேங்கிய தண்ணீரில் ஓட்டும்போது காற்றோடு தண்ணீரை இழுத்து உள்ளே கனெக்டிங் ராடை வளைத்துக்கொள்வது பெட்ரோல், டீசல் எஞ்சின்தான். மின்வண்டிக்கு மூச்சு விடும் வேலை இல்லை. அதற்காக முங்கவிட்டுப் பார்க்கச் சொல்லவில்லை.

மாமாவின் நண்பர் ஒருத்தர் வேறொன்று சொல்வார்: "ஆவடிப் புகைய எடுத்து எண்ணூர்ல விடப் போறீங்க, அவ்ளோதானே." இது பொய் இல்லை. அத்திப்பட்டில் எரியும் நிலக்கரியின் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்களின் வாழ்க்கையில் விழுந்து பல வருஷம் ஆகிறது. ஆனால் நம் பெட்ரோல் வருவது எங்கிருந்து? மணலிச் சுத்திகரிப்பு ஆலையும் அதே வட சென்னையில். மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் இறங்கியது அதே கழிமுகத்தில்தான். எதை ஓட்டினாலும் பில்லை எண்ணூர் கட்டுகிறது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக்கூட ஒரு பில் குறைய வழி உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. நண்பரிடம் சொன்னேன், அவர் டீ வாங்கப் போய்விட்டார்.

மாமா சந்தேகப்படுவதற்குத் தொழில் காரணமும் ஒன்று உண்டு. ஆவடியில் செய்த விஜயந்தா டேங்குக்கு பிரிட்டிஷ் லேலண்ட் எல்60 எஞ்சின். எந்த எரிபொருள் கிடைத்தாலும் ஓடும் என்ற கனவில் வடிவமைத்தது. பிரிட்டிஷ் சீஃப்டன் டேங்கில் அது படுத்திய பாடு பிரசித்தம். "எதப் போட்டாலும் ஓடும்னு சொன்ன எஞ்சினப் பாத்தவன்டா நான், காகிதத்துல எல்லாமே ஓடும்." இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்தே வருகிறது. 2000ஆம் வருஷத்து லான்சரை யாரும் அதற்காகச் செய்யவில்லை. ரப்பர் ஹோஸை மோந்து மோந்து பார்க்கிறார். அவர் நம்பிய பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை.

போன மாசம் லான்சர் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மோட்டாரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்தார். அம்பத்தூரில் காயில் கட்டுகிற ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு என் வயசுதான் இருக்கும், அவர் அப்பா நடத்திய கடை. பிரித்துப் பார்த்து, "கார்பன் தேஞ்சிடுச்சு, புஷ்ஷும் போச்சு. ஆர்மேச்சர் நல்லாருக்கு சார், இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார்.

மூலையில் ஒரு மின்ஸ்கூட்டர் பேட்டரி பெட்டி திறந்து கிடந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் நீங்க பாக்கறீங்களா தம்பி?"

"செல் மாத்தறேன் சார். ரெண்டு செல்தான் செத்திருந்துச்சு, மாத்திட்டேன். உள்ள இருக்கற போர்டு லாக் ஆயிடுச்சு. கம்பெனி லேப்டாப் வந்து போட்டாத்தான் ஆன் ஆவும். அவங்க முழு பேட்டரியும் மாத்தச் சொல்றாங்க."

"அப்ப கஸ்டமருக்கு?"

"அவரு வரல சார் இன்னும்."

மாமா குனிந்து செல் அடுக்கைத் தொட்டுப் பார்த்தார். எது பாசிட்டிவ், எப்படி வெல்டு வைக்கிறீங்க, எத்தனை வோல்ட் என்று கேட்டுக்கொண்டே போனார். நான் இரண்டு டீ குடித்துவிட்டு வந்தேன், கேள்வி முடியவில்லை. கடைக்காரர் செல்ஃப் மோட்டாரை டெஸ்ட் பெஞ்சில் வைத்து வயர் கொடுத்தார். சுர்ரென்று சுற்றியது. மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த லாக்க எடுக்க வழி இருந்தா எனக்கு ஒரு போன் பண்ணு தம்பி" என்று நம்பரை ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.