ரத்தம் கொடுத்தவர்கள்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட கதையை நீங்கள் எங்காவது படித்திருக்கலாம். மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடும் கணவர், வீட்டு ஃபிரிட்ஜில் ரத்த மாதிரிகள், காட்பாடிக்கு ராத்திரி ரயில். நல்ல கதை. நானும் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் ஒரு தரப்பை விட்டுவிட்டேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அமெரிக்காவில் இந்த நோய் பற்றிய முதல் அறிக்கை 1981-ல் வந்தது. ரத்தத்தில் கிருமியின் தடயத்தைக் காட்டும் சோதனை 1985-ல் புழக்கத்துக்கு வந்தது. அப்போதும் இங்கே பலருக்கு அது வெள்ளைக்காரன் வியாதி. நம்ம ஊர் ஒழுக்கத்துக்கு அதெல்லாம் வராது. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனுக்கு அந்த நம்பிக்கை இல்லை. நுண்ணுயிரியல் மாணவி நிர்மலாவின் ஆய்வுக்கு அவர் கொடுத்த தலைப்பு, தமிழகத்தில் எய்ட்ஸ் கண்காணிப்பு.

நிர்மலாவுக்கு 32 வயது, இரண்டு குழந்தைகள். பாலியல் தொழிலாளிகளை எங்கே தேடுவது என்றே அவருக்குத் தெரியாது. அரசு மருத்துவமனையில் பழக்கமான சில பெண்கள் வழிகாட்ட, கைதான பெண்களை வைத்திருந்த காப்பகத்துக்குப் போனார். ஜாமீன் கட்டக் காசில்லாதவர்கள் அங்கே இருந்தார்கள். கையுறைகூட இல்லாமல் சுமார் 80 பேரிடம் ரத்தம் எடுத்தார். எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

சென்னையில் எலைசா சோதனைக்கு வசதி இல்லை. கணவர் ராமமூர்த்தியோடு நிர்மலா மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்கு, ஜேக்கப் ஜான் நடத்திய ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அமெரிக்காவில் செய்த சோதனையும் அதையே உறுதி செய்தது. 1986 மே மாதம் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

கதை பொதுவாக இங்கே முடிந்துவிடும். காப்பகத்தில் முடியவில்லை. கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்களை, தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். மருந்து கொடுக்க அல்ல.  வெளியே போனால் பரப்புவார்கள் என்பதுதான் காரணம். அவர்களிடம் வந்து போன ஆண்களை யாரும் பூட்டி வைக்கவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1990-ல்தான் விடுதலை.

நிர்மலாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயத்தோடும் நோயின் ஆபத்து தெரிந்தும் போனவர் அவர். ‘சம்மதம்’ என்ற கேள்வி அன்று நம் மருத்துவமனைகளில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனால் ஒரு சோதனை முடிவு யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து, அதுவே பூட்டாகவும் மாறும். நாள் முழுக்க மற்றவர்களின் தரவைக் கையாளும் என் வேலையில் இதை அடிக்கடி மறந்துபோகிறேன்.

விவரம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் எச்.ஐ.வி. சோதனை செய்ய வேண்டும் என்று 2017-ல் சட்டம் வந்தது. முதல் ஆறு பேருக்குப் பிறகு 31 வருஷம்.

அந்த ஆறு பேரின் பெயர் நமக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். ஆனால் இனி இந்தக் கதையை யாருக்காவது சொன்னால் நான் ஸ்கூட்டரிலிருந்து ஆரம்பிக்கப்போவதில்லை. ஜாமீனுக்குக் காசில்லாமல் உள்ளே இருந்து, எதற்கென்று தெரியாமலே கையை நீட்டிய பெண்களிடமிருந்து ஆரம்பிப்பேன்.