நீதிமன்றப் பணியிலிருந்து தனித்தொழிலுக்கு: பினாங்கு வழக்கறிஞர்

பினாங்கில் நீதிமன்ற வேலை பார்த்தவர் பிறகு வழக்கறிஞராவது ஒரே ஏணியின் அடுத்த படி போலப் பேசப்படுகிறது. உண்மையில் அவை இரண்டு தனிப் பாதைகள். எழுத்தரான கிராணியோ மொழிபெயர்ப்பாளரோ எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்த அனுபவத்தை மட்டும் காட்டி வழக்கறிஞராக முடியாது. பதிவாளர், மாஜிஸ்திரேட் பதவிகளில் இருப்போர் நீதித்துறை, சட்டத்துறைப் பணியைச் சேர்ந்த சட்டத் தகுதியுள்ள அதிகாரிகள். தனித்தொழிலுக்கு எளிதில் மாறக்கூடியவர்கள் இவர்கள்தாம்.

இந்தப் பிரிவினை இன்றைய சட்டம் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. 1807ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனுக்கு முறையான நீதிமன்றம் கிடைத்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் ஜோனாஸ் டேனியல் வாகன் என்பவரின் வாழ்க்கை நமக்குச் சான்றாகிறது. பினாங்கில் காவல்துறைக் கண்காணிப்பாளராக இருந்து, சிங்கப்பூரில் மாஜிஸ்திரேட்டாக வழக்குகளை விசாரித்தவர் அவர். தீர்ப்புச் சொன்ன அனுபவம் இருந்தும், வழக்காடும் உரிமை பெற லண்டன் சென்று படித்து, 1869இல் மிடில் டெம்பிளில் பாரிஸ்டரான பிறகே சிங்கப்பூரில் தொழில் நடத்தினார். நீதிமன்ற மேடையில் அமர்ந்தவருக்கே இந்த நிலை என்றால், அதன் கீழே கோப்பு தூக்கியவருக்குத் தளர்வு கிடைத்திருக்க வழியில்லை.

இப்போது இதை ஆள்வது மலேசியாவின் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம். ஏற்கப்பட்ட சட்டப் பட்டம் தேவை. வெளிநாட்டுப் பட்டதாரிகள் பலர் சி.எல்.பி. எனப்படும் சட்டத்தொழில் சான்றிதழ்த் தேர்வையும் தாண்ட வேண்டும். பிறகு மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் 9 மாதப் பயிற்சி, பேச்சு வழக்கில் சேம்பரிங். முடிவில் உயர் நீதிமன்றம் அவரைச் சேர்த்துக்கொள்ளும். சட்ட அதிகாரியாகப் பணியாற்றியவருக்குப் பயிற்சிக் காலத்தில் சலுகை கிடைக்க இடமுண்டு, பட்டத்தில் கிடையாது.

நடைமுறையை விரல்நுனியில் வைத்திருக்கும் கிராணிக்கு இது அநீதி என்பார்கள். வாதத்தில் கனமுண்டு: எந்த மனுவை எப்போது தாக்கல் செய்வது, எது திருப்பி அனுப்பப்படும் என்பதைப் புதிய வழக்கறிஞரைவிட அவர் நன்கறிவார். ஆனால் வழக்கறிஞர் கட்சிக்காரரின் பணத்தையும் இரகசியத்தையும் சுமப்பவர். தவறினால் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகி, பட்டியலிலிருந்தே நீக்கப்படக்கூடியவர். கோப்பறிவு இந்தப் பொறுப்புக்கு ஈடாகாது. பகுதிநேரச் சட்டப்படிப்பு உள்ளவரை அவர்களுக்குக் கதவு முழுதாக மூடப்படவும் இல்லை, செலவும் காலமும் கடுமையாயினும்.

முன்னாள் அதிகாரிக்குப் பழைய அலுவலகத்தில் சலுகை கிடைக்குமே என்பது எதிர்த்திசைக் குறை. ஐயம் நியாயமானது. எனினும் மின்வழித் தாக்கல் வந்தபின் முகப்பு மேசையின் தனிச் செல்வாக்குக் குறைந்துவிட்டது; அவர் கொண்டுவரும் உண்மையான சொத்து, நீதிபதி எதை எடைபோடுவார் என்ற புரிதல். அதுவும் கட்சிக்காரரைத் தேடித் தராது. பினாங்கு மண்ணில் பிறந்து பெயர் பெற்ற கர்ப்பால் சிங் 1969இல் வழக்கறிஞரானவர். அவரை மக்களறியச் செய்தது பதிவாளர் நாற்காலியன்று, குற்றவியல் வழக்குகள்.