மீன் கொண்டுவந்த காதலன்: காயல் கடற்கரையில் ஒரு லத்தீன் காதற்பாட்டின் வரவு

காயல்பட்டினத்தை அடுத்த கொம்புத்துறையில் மீன் கரையேறியதும் ஏலம் தொடங்கிவிடும். ‘ஏலம்’ என்ற சொல் போர்த்துக்கீசியரின் ‘லெய்லாவ்’ என்பதிலிருந்து வந்தது என்பர் சொல்லாய்வாளர். அந்த ‘லெய்லாவ்’ ஐபீரிய மண்ணில் அரபியர் விட்டுச்சென்ற சொல். அரபுக் குதிரை வணிகத்தால் வளர்ந்த ஒரு துறைக்கு, அரபுச் சொல் ஒன்று லிஸ்பனைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது. சாவி, சன்னல், மேசை, அலமாரி ஆகியவையும் அதே கப்பலில் வந்தவைதாம். சொற்களின் வரவை அகராதிகள் பதிந்து வைத்திருக்கின்றன. அதே கப்பலில் புறப்பட்ட காதற்பாட்டு என்னவாயிற்று என்பதைத் தமிழிசை வரலாறு இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

லத்தீன் காதற்பாட்டு என்றதும் உலகம் மேற்கே திரும்பிப் பார்க்கிறது. மெக்சிகோவின் கொன்சுவேலோ வெலாஸ்கெஸ் 1940ஐ ஒட்டி எழுதிய ‘பேசமே முச்சோ’ என்ற பொலேரோ பாட்டு, 1944இல் ஜிம்மி டோர்சி குழுவின் ஆங்கில வடிவில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 1962 புத்தாண்டு நாளில் டெக்கா நிறுவனத்தின் தேர்வுக்குப் போன பீட்டில்ஸ் இளைஞர்களும் அதைப் பாடினார்கள். 2017இல் லூயிஸ் ஃபொன்சியின் ‘டெஸ்பசீத்தோ’ 16 வாரம் அமெரிக்கப் பட்டியலின் உச்சியில் நின்றது. இவ்வகைப் பாட்டு தமிழுக்குத் திரைப்படம் வழியாக, அமெரிக்க இசைத்தட்டுகளைக் கேட்டுத்தான் வந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். இக்கட்டுரை அதை மறுக்கிறது. திரைப்படம் கொண்டுவந்தது லத்தீன் இசையின் வண்ணத்தை மட்டுமே. பாட்டு வந்த வழி மன்னார் வளைகுடா.

ஐபீரிய ஆட்டப்பாட்டு கடல் கடந்தபோது இரண்டாகக் கிளைத்தது. கியூபாவில் ஆப்பிரிக்க அடிமைகளின் தாளத்தோடு கலந்த கிளை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சந்தியாகோ நகரில் பொலேரோவாக உருக்கொண்டது. கிழக்குக் கிளை கோவாவில் ‘மாண்டோ’ என்னும் மெதுவான கொங்கணிக் காதற்பாட்டாயிற்று. இலங்கையில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் பெயரையே தாங்கிக் ‘கஃப்ரிஞ்ஞா’ ஆயிற்று. பின்னர் ‘பைலா’ ஆயிற்று. ‘பைலார்’ என்றால் போர்த்துக்கீசியத்தில் ஆடுதல். ஆகவே பொலேரோவும் பைலாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டிலும் ஐபீரிய மெட்டு உண்டு, ஆப்பிரிக்கக் கை உண்டு, உள்ளூர் நாக்கு உண்டு. அந்த ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியில் ‘மாஞ்ஞா’ பாடுகிறார்கள். காயல் அமைந்த முத்துக்குளித்துறைக்கு எதிர்க்கரை அது.

ஆனால் காயலின் முஸ்லிம்களான சோனகருக்குப் போர்த்துக்கீசியப் பாட்டு நேரடியாக வந்திருக்க வழியில்லை. 1530களில் முத்துக்குளிப்பின் உரிமைக்காக முஸ்லிம்களோடு நடந்த சண்டையில் பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி மதம் மாறினார்கள். மரைக்காயர்களின் கடற்படை 1538இல் வேதாளையில் முறியடிக்கப்பட்டது. பக்கத்துப் புன்னைக்காயலில் இயேசு சபைத் துறவி அண்ட்ரிக் அடிகளார் தங்கித் தமிழ் கற்று, தமிழில் அச்சு நூல்கள் வெளிவர உழைத்தார். கூப்பிடு தூரத்தில் இருந்த காயலுக்கோ பறங்கி என்றால் பகைவன். பகைவனின் காதற்பாட்டை யாரும் கடன் கேட்பதில்லை.

அந்தப் பாட்டு பகையைக் கழற்றிவிட்டு வேறு வாசல் வழியாக வர நானூறு ஆண்டு ஆயிற்று. அந்த வாசல் கொழும்பு. காயல் ஆண்களில் பலர் சபராளிகள். இரத்தினக்கல்லுக்கும் கடைக்கும் கொழும்பு போவார்கள். பெண்கள் பிறந்த வீட்டிலேயே இருந்து கடிதத்துக்குக் காத்திருப்பார்கள். அந்நகரில் 1940களிலிருந்து பைலாவைச் சிங்களப் பொதுமக்களின் பாட்டாக்கியவர் வாலி பஸ்தியான்ஸ் என்ற போலீஸ்காரர். கற்றோர் அதை மதிக்கவில்லை. 1952இல் இலங்கை வானொலிப் பாடகர்களைத் தரம்பிரிக்க லக்னோவிலிருந்து இந்துஸ்தானி இசையறிஞர் எஸ்.என். ரதன்ஜங்கர் அழைக்கப்பட்டார். இந்துஸ்தானி ராகம் உயர்ந்த அளவுகோலாயிற்று. பைலா குடிகாரர் பாட்டு, மீன்காரர் பாட்டு என்று ஒதுங்கியது. அதே ஆண்டுகளில் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டைக் குறைத்தார். தமிழகத்தின் தென்கரை வீடுகள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பின. ஒரே காலத்தில் இரு நாட்டு அரசுகளும் இசையைத் தூய்மைப்படுத்த முயன்றன. அந்த முயற்சியே கொழும்பின் மெல்லிசையை இக்கரைக்கு அழைத்து வந்தது.

அப்படி வந்ததுதான் ‘சுராங்கனி’. யாழ்ப்பாணத் தமிழரான ஏ.இ. மனோகரன் சிங்களமும் தமிழும் கலந்து பாடிய பைலா அது. பாட்டின் பொருள் மிக எளிது. ஒருவன் சுராங்கனி என்ற பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உனக்காக மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்று கொஞ்சுகிறான். நிலவு, ரோஜா, முத்தம் எதுவும் இல்லை. இதைக் காதற்பாட்டாக எண்ணாமல் கேலிப்பாட்டு என்று தள்ளிவிட்டவர்கள் உண்டு. அவர்கள் நெய்தலை மறந்துவிட்டார்கள் என்றே சொல்லவேண்டும். நற்றிணையின் 45ஆம் பாட்டில், தேருடைய செல்வரின் மகனிடம் தோழி சொல்லும் காரணம் மீன்வாடைதான்: நாங்கள் சுறா உணக்குகிறவர்கள், எங்கள் மேல் புலால் வீசும், எட்டி நில்லுங்கள். அங்கே மீன் காதலைத் தடுக்கும் வேலி. சுராங்கனியில் அதுவே காதலின் சீர்வரிசை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தத் தலைகீழ் மாற்றத்தின் இனிமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. நல்ல மீன் கிடைத்த அன்று அதை யார் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறோம் என்பது இக்கரையில் சிறிய செய்தி அல்ல.

பாட்டு ஒட்டிக்கொண்டதற்குப் பொருள் மட்டும் காரணமல்ல. பைலா ஆறெட்டுத் தாளத்தில் நடக்கிறது. நம் கும்மியும் அதே மூன்றின் மடங்கில்தான் நடக்கிறது; திஸ்ர நடை என்று இசைவாணர் சொல்வது அதைத்தான். கும்மி கொட்டிய கைக்குப் பைலா புதிதே அல்ல. கியூபா பொலேரோவோ நான்கின் நடையில், காதோடு காதாகப் பேசுவது; அதைக் கூட்டமாகக் கை தட்டிப் பாட முடியாது. தமிழ்த் திரையிசை அதிலிருந்தும் அதன் சுற்றத்திலிருந்தும் கருவிகளின் நிறத்தை எடுத்துக்கொண்டது. 1964இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் இசைக்குழுவையே திரையில் காட்டி எம்.எஸ். விஸ்வநாதன் நடத்தும் ‘அவளுக்கென்ன’ பாட்டு அதற்கு ஒளிமிக்க சான்று. லத்தீன் ஆட்டத் தாளத்தின் சாயலோடு மேலைக் கருவிகள் புகுந்து விளையாடும் அற்புதமான பாட்டு. ஆனால் அந்தக் கருவிகளை எடுத்துவிட்டால் லத்தீன் சாயலும் போய்விடும். ‘சுராங்கனி’யில் எல்லாக் கருவிகளையும் எடுத்துவிடுங்கள். வாயும் இரண்டு கைகளும் மிஞ்சினால் போதும், பைலா முழுசாக நிற்கும். ஒரு பாட்டை மக்கள் ஏற்றார்களா, பார்த்து வியந்தார்களா என்று பிரித்தறிய இதைவிட நல்ல உரைகல் இல்லை.

1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்காக இளையராஜா இதை எடுத்தாண்டார். பாடியவர் மலேசியா வாசுதேவன். ஈழத் தமிழன் பாடியதை மலேயாவில் பிறந்த பாடகர் சென்னையில் பாட, மெட்டின் மூதாதை லிஸ்பனில் இருந்தது. இதற்குப் பிறகு தமிழகம் முழுவதும் சுற்றுலாப் பேருந்துகளில் பள்ளிப் பிள்ளைகள் இதைப் பாடினார்கள், சிங்கள வரிகளின் பொருள் தெரியாமலே. இந்த வெற்றியில் ஓர் இழப்பும் உண்டு. வேகம் கூடக் கூட, கூப்பிடுகிறவனின் ஏக்கம் மறைந்து கும்மாளம் மட்டும் எஞ்சியது.

வேற்று மெட்டில் தன் காதலை வைத்துப் பாடுவது காயலுக்குப் புதுப் பழக்கம் அல்ல என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். இவ்வூர்க் காசிம் புலவர், அருணகிரிநாதர் முருகனுக்குப் பாடிய சந்தத்தை எடுத்து நபிகள் நாயகத்துக்குத் திருப்புகழ் பாடினார். இவ்வூரார் அதைச் சந்தக் கடன் என்று குறைத்துப் பேசவில்லை, பெருமையாகவே போற்றுகிறார்கள். பின்னாளில் இஸ்லாமியப் பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் அறிந்த திரைப்பாட்டு ஒன்றின் பெயரும் ‘என்ற மெட்டு’ என்ற குறிப்பும் அச்சாயின. காயல் ஷேக் முகம்மது போன்ற பாடகர்கள் அந்த மெல்லிசை மொழியிலேயே பக்தியைப் பாடி ஊர் ஊராகக் கேட்கப்பட்டார்கள். மௌலிது மஜ்லிஸில் அரபு பைத்தை ஓதிய அதே நாக்கு இதையும் பாடியது. மெட்டின் பிறப்பிடத்தை விசாரிக்காமல் அதன் தகுதியை மட்டும் பார்க்கும் இந்தச் செவிப்பழக்கம் இல்லாவிட்டால், கொழும்பின் பைலா இக்கரையில் இவ்வளவு சுலபமாகக் கால் ஊன்றியிருக்காது.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு கொழும்போடு இருந்த போக்குவரத்து மெலிந்தது. 1984இல் இராமேசுவரம்–தலைமன்னார்க் கப்பலும் நின்றது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். ஈழத்தவர் அவரைப் ‘பொப் இசைச் சக்கரவர்த்தி’ என்று அழைத்தார்கள். தமிழகத்து இரங்கற் செய்திகள் பெரும்பாலும் ‘சுராங்கனி’ பாடியவர் என்றே அறிமுகப்படுத்தின. அவர் பாட்டில் வந்தவன் இன்னும் வாசலில்தான் நிற்கிறான். கையில் மீன் இருக்கிறது. சுராங்கனி என்ன பதில் சொன்னாள் என்பது பாட்டில் இல்லை.